36 சென்ட் நிலமும் என் ஜெபமும்

எங்கள் குடும்ப நிலமான விளையில் ஏதாவது ஒரு பனையடியில் நின்று பார்த்தால் மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும். 192 அடி உயரம். மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் காலத்துக் கிறிஸ்தவக் கோயில். சுற்றிலும் செம்மண் தேரியும் பனங்காடுமாகக் கிடக்கிற பூமியில் அது மட்டும் ஊசி மாதிரி நிற்கும். சின்ன வயதில் அப்பா விடியற்காலையில் பதனீர் குடிக்கக் கூட்டிப்போவார், பட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டே அந்தக் கோபுரத்தைப் பார்ப்பேன். இன்று எழுதப்போவது அந்த விளையைப் பற்றித்தான். நான் இரட்சிக்கப்பட்ட சாட்சியை எத்தனையோ கூட்டங்களில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு தடவைகூட இந்த விளை வந்ததில்லை.

முதலில் அந்தச் சாட்சியையே சொல்லிவிடுகிறேன். 1997-ல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டேன். அதுவரை குடி, சிகரெட், ராத்திரி பதினோரு மணிக்கு வீடு திரும்புவது, அம்மா திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பது. அன்றைக்கு விட்டதுதான், அப்புறம் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அது பொய்யில்லை, இன்றும் அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு, புதன்கிழமை ஜெபக்கூட்டம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் வந்தால் மாமிசம் கிடையாது, மாலையில் குடும்ப ஜெபம் தவறாது. பாளையங்கோட்டையில் ஒரு டூவீலர் உதிரிபாகக் கடை வைத்தேன், கடைக் கல்லாவுக்கு மேலே வாக்குத்தத்த வசனம் மாட்டியிருந்தேன். என்னைப் பார்த்து "பிள்ளை எப்படி மாறிட்டான் பாருங்க" என்று எங்கள் சபை வட்டாரமான சேகரத்தில் பேசிக்கொள்வார்கள். கேட்க நன்றாக இருக்கும்.

2008-ல் அப்பா இறந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. இருந்தது ஊரில் ஒரு ஓட்டு வீடு, 72 சென்ட் விளை, அதில் பனைமரங்களும் நாலு முருங்கையும் ஒரு கிணறும். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர், நானும் அக்காவும். அக்காவைத் தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்திருந்தது. அடுத்த வருடம் ஒரு நாள் அக்காவுக்குப் போன் பண்ணி, "ஒரு கையெழுத்துப் போட வரணும், அப்பா பேர்ல இருக்கிறத மாத்தணும்" என்றேன். அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டினார், அம்மாவும் அக்காவும் தங்கள் பாத்தியதையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய விடுதலைப் பத்திரம். கையெழுத்து, கைரேகை எல்லாம் முடிந்த பிறகு வெளியே கடையில் அக்காவுக்கு டீயும் வடையும் வாங்கிக்கொடுத்தேன். பையனுக்கு பிஸ்கட். ஒரு கவரில் பத்தாயிரம் ரூபாய் வைத்து "வீட்டுச் சீர்" என்று கையில் கொடுத்தேன். அவள் அதை எண்ணிப் பார்க்காமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். பெண்பிள்ளைக்குக் கல்யாணத்தின்போது நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அதற்குமேல் நிலத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் பேச்சு. கேட்கிற அக்கா தங்கச்சிக்கு ஊரில் நல்ல பெயர் இருக்காது. யாரும் என்னைத் தப்புச் சொல்லவில்லை. அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று வாய் நிறையப் பாடினேன், மனதில் ஒரு உறுத்தலும் இல்லை. இதை எழுதும்போது எனக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இந்த ஒரு விஷயம்தான், உறுத்தவே இல்லை என்பது. குடித்த காலத்தில்கூட எனக்கு உறுத்தியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பத்து வருடம் கழித்துத்தான் ஒரு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து கேட்டேன். 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் கிறிஸ்தவர்களான நம்மவர்களுக்கு. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் என்று வித்தியாசம் கிடையாது. நகை போட்டீர்களா, எத்தனை பவுன் போட்டீர்கள் என்கிற கணக்கு அதில் இல்லை. அதாவது என் தாத்தா காலத்திலேயே அக்காவுக்குப் பங்கு எழுதி வைத்தாயிற்று. நாங்கள்தான் அதைக் கையெழுத்து வாங்கிக் கழித்துக்கொண்டிருக்கிறோம்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பிடி அரிசிக் காணிக்கை தெரிந்தவர்களுக்குத் தெரியும். உலை வைக்க அரிசி அளந்து எடுத்ததும், அதிலிருந்து ஒரு பிடியைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்துப் போட வேண்டும். சேர்ந்ததை மாதத்துக்கு ஒரு தடவை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், அதை விற்று ஊழியத்துக்கு அனுப்புவார்கள். மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்து ஒரு பெரிய மிஷனரி வேலையையே நடத்துகிறார்கள். எங்கள் பக்கத்திலும் வெளியூர் ஊழியம் என்றால் இப்படி வீட்டுக்கு வீடு சேர்த்த காசுதான் நினைவுக்கு வரும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோதே நம் ஆள், நம் காசு என்பதுதான் பேச்சாக இருந்தது. அதில் முன்னால் நின்ற அசரியா பின்னால் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார், பிறந்தது வெள்ளாளன்விளையில், எங்களுக்குப் பக்கத்து ஊர். அம்மா இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டாள். அவளுக்கு ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா இருந்தது, அவ்வளவுதான். அரிசி குறைவாக இருந்த நாளிலும் அந்தப் பிடி சின்னதாகாது. ஒரு தடவை நான் பசியில் "இன்னைக்கு ஒரு நாள் விட்டா என்ன" என்று கத்தியபோது, "அது நம்மது இல்லலே" என்று மட்டும் சொன்னாள்.

அந்த அம்மாதான் பதிவு அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து கைரேகை வைத்தாள். அன்றைக்கு வீடு திரும்புகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். 2012-ல் அவளும் போய்விட்டாள். 2014-ல் கடையைப் பெரிதாக்கப் பணம் தேவைப்பட்டது, 72 சென்டில் 30 சென்டை விற்றேன். அக்காவிடம் சொல்லக்கூட இல்லை, எதற்குச் சொல்ல வேண்டும், பட்டா என் பேரில் இருக்கிறது.

இனி 2019. அந்த வருடம் புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்து, இந்த வருடம் குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து ஒன்றும் விடாமல் வாசிப்போம் என்று முடிவு பண்ணினோம். தினம் இரண்டு அதிகாரம். நான், மனைவி, மகள் மூன்று பேரும் மாற்றி மாற்றி. வம்ச அட்டவணை, பலி முறைமை, கூடாரத்தின் அளவு எதையும் தாண்டக்கூடாது என்பது என் கட்டளை. மகள் அப்போது பிளஸ் ஒன், பரீட்சை நேரம், அவளுக்கு இது பெரிய சோதனை. லெந்து தொடங்கும் சாம்பல் புதன் மார்ச் 6-ல் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணாகமம் 27-க்கு வந்தோம். அன்று மகள் முறை.

செலொப்பியாத் என்கிற ஒருவன் வனாந்தரத்தில் இறந்துபோகிறான், ஆண்பிள்ளை இல்லை, ஐந்து பெண்பிள்ளைகள். அந்த ஐந்து பேரும் மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபை முழுவதுக்கும் முன்னால் கூடார வாசலில் வந்து நின்று, எங்கள் தகப்பனுக்குரியதில் எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். மோசேக்கே என்ன சொல்வது என்று தெரியாமல் கர்த்தரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் பேசுவது சரிதான், கொடு என்கிறார் கர்த்தர். மகள் வேகவேகமாக வாசித்துக்கொண்டு போனாள். அவர்களுக்கு "சுதந்திரம்" கொடுக்கவேண்டும் என்று வாசித்தாள்.

நான் வேதம் வாசிப்பதில் கொஞ்சம் கண்டிப்பானவன், யாராவது தப்பாக வாசித்தால் உடனே திருத்திவிடுவேன். "சுதந்திரம் இல்லம்மா, சுதந்தரம்" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானப்பா?" என்றாள். "இல்ல. சுதந்திரம்னா விடுதலை. சுதந்தரம்னா அப்பா சொத்துல பிள்ளைக்கு உள்ள பங்கு."

சொல்லி முடித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் ஒன்றும் கவனிக்கவில்லை, அடுத்த வசனத்துக்குப் போய்விட்டாள். மனைவி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாசித்து முடிந்தது, ஜெபிக்க வேண்டியது என் முறை. வாய் திறக்கிறேன், பேச்சு வரவில்லை. இருமல் என்று சொல்லிவிட்டு மனைவியை ஜெபிக்கச் சொன்னேன்.

அன்று இரவே நான் தப்பிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. அதனால்தான் பெண்களுக்குக் கொடுக்கச் சொன்னார். மகன் இருந்தால் மகனுக்குத்தான். நியாயப்பிரமாணம் அப்படித்தான் சொல்கிறது, ஆகையால் என் காரியம் சரிதான். ஒரு வாரம் இதைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஆனாலும் தூக்கம் வரவில்லை. கடைசியில் ஊருக்குப் போய், ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பழைய உபதேசியாரைப் பார்த்தேன். எனக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித் தந்தவர், அம்மாவின் அடக்கத்தில் ஜெபித்தவர். யாரோ ஒரு நண்பனின் காரியம் மாதிரிச் சொல்லித்தான் கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "யோபு கடைசி அதிகாரம் வாசிச்சிருக்கியா தம்பி?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும் "அக்கா சுகமா இருக்காளா?" என்று கேட்டார்.

யோபு 42. எல்லாம் இழந்து எல்லாம் திரும்பப் பெற்ற மனுஷன். அவனுக்கு ஏழு மகன்கள், மூன்று மகள்கள். அந்த மூன்று மகள்களுக்கும் தகப்பன் அவர்களுடைய சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்று 15-ஆம் வசனம் சொல்கிறது. ஏழு ஆண்பிள்ளை இருந்தும் கொடுத்திருக்கிறான். எந்தச் சட்டமும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வளவு துன்பத்துக்குள்ளே போய் வெளியே வந்த ஒருவனுக்கு இப்படித்தான் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது போனில் அதை வாசித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே சரி என்றெல்லாம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள், அப்புறம், "நானும்தான் எங்க அண்ணன்மாருக்கு எழுதிக் குடுத்தேன். எனக்கு யாரு திருப்பித் தரப்போறா? இதுல இருந்து எடுத்துக் கொடுத்துட்டா நம்ம பிள்ளைக்கு என்ன இருக்கு?" என்றாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவள் இதைச் சொன்னது அன்றுதான். அவளும் ஒரு நாள் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள், நான் அன்றைக்குக் கடையில் இருந்திருக்கிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவள் அண்ணன்கள் எதுவும் தரவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை.

இதற்கிடையில் கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து வந்தது. நீ காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. நூறு தடவை கேட்ட வசனம். எனக்கு யார்மேல் குறை என்று அந்த வசனம் கேட்கவில்லை, என்மேல் யாருக்குக் குறை என்று கேட்கிறது. இந்த வித்தியாசம் நாற்பது வயது தாண்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. "ஒப்புரவு" என்கிற சொல்லையும் அப்போதுதான் யோசித்தேன். கோயிலில் அதை மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் ஆவது என்ற அர்த்தத்தில் மட்டும் புழங்குகிறோம். திருக்குறளில் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல், அங்கே அது கையிலிருப்பதைப் பிறருக்கு உதவும்படி கொடுப்பது. வேதத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்தச் சொல்லை எடுத்தபோது என்ன நினைத்தார்களோ, எனக்கு அது இரண்டு அர்த்தத்தோடும் சேர்ந்தே வந்தது. அக்காவிடம் போய் மன்னித்துக்கொள் என்று அழுதுவிட்டு, நிலத்தை என் பேரிலேயே வைத்துக்கொண்டு திரும்பினால் அது ஒப்புரவு ஆகாது.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் ஏப்ரல் 18. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் அதே நாள். பகலில் ஓட்டுப் போட்டுவிட்டு மாலையில் எல்லாரும் கோயிலுக்கு வந்திருந்தார்கள். அப்பம் வாங்க வரிசையாகப் போய் முழங்கால் போட்டுக் கைகளை நீட்டுகிறார்கள், நீட்டின கைகளில் விரலில் மை. என் கையிலும் இருந்தது. நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். பாடகர் குழுவில் இருக்கிறவன் எழுந்து போகாமல் இருந்தால் எல்லாருக்கும் தெரியும். ஈஸ்டர் விடியற்காலை ஆராதனையிலும் போகவில்லை, மே மாதம் முதல் ஞாயிறும் போகவில்லை. ஒருவர் வந்து "என்ன பிரதர், ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டார். 22 வருடமாகச் சாட்சி சொன்ன வாய், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

மே மாதம் இரண்டாவது வாரம் ஒரு ராத்திரி விளக்கை அணைத்த பிறகு மனைவி, "குடுத்துருங்க" என்றாள். "நீங்க கோயில்ல அப்படி உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியல."

மறுநாள் தூத்துக்குடிக்குப் போனேன். முன்னால் போன் பண்ணவில்லை. அக்கா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும், "என்னலே, உடம்புக்கு ஏதுமா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்டாள். பழங்களைக் கொடுத்துவிட்டு, சமையலறையில் அவள் அடுப்பு வேலையாக இருக்கும்போதே நின்றுகொண்டு சொன்னேன். அம்மா பங்கும் நம் இரண்டு பேருக்கும் சமம்தான், ஆகவே விளையில் பாதி உன்னுடையது, 36 சென்ட். நான் 30 விற்றுவிட்டேன், அது என் பங்கில் போகட்டும். மிச்சம் 42 இருக்கிறது, அதில் உன் 36-ஐ உன் பேருக்கு எழுதித் தருகிறேன், வீட்டிலும் பாதி உனக்கு. 2009-ல் நான் செய்தது அநியாயம், என்னை மன்னிக்க வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததால் தடுமாறாமல் சொல்லிவிட்டேன்.

அவள் அடுப்பைக் குறைத்தாள். வெகு நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் திரும்பாமலே பேசினாள். "நிலத்தை நான் அன்னைக்கே விட்டுட்டேன்லே. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நீ இங்க வருவ. சாப்பிட்டுட்டு, ஜெபம் பண்ணுவோம்னு சொல்லுவ. எல்லாரும் கண்ண மூடுவாங்க. நான் கண்ணத் திறந்துக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு நிப்பேன். பத்து வருசமா ஒரு ஜெபத்துக்கும் நான் ஆமென் சொல்லல."

இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன், எழுதலாமா என்று. எழுது என்றாள்.

நான் ஜெபித்ததெல்லாம் பொய் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. மனதோடுதான் ஜெபித்தேன், அவள் பிள்ளைகளின் படிப்புக்காக, அத்தானின் வேலைக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்திருக்கிறேன். அதே வேளையில் அவளுக்குரியதை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஆளுக்குள் இத்தனை வருடம் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. வரி வசூலிக்கிற சகேயுவின் வீட்டுக்கு இயேசு வந்த பிறகுதான் அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்கிறான். இயேசு அவனிடம் கணக்குக் கேட்டதாக லூக்கா எழுதவில்லை. முதலில் அவர் வந்தார், பிறகு அவன் கை திறந்தது. என் வீட்டுக்கும் அவர் 1997-ல் வந்தார் என்று நம்புகிறேன். வந்தவரை முன்னறையில் உட்காரவைத்து உபசரித்துக்கொண்டே இருந்துவிட்டேன், பத்திரம் இருந்த பீரோ பக்கம் விடவில்லை.

அக்கா வீட்டைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டாள். பாதி பாதியாகப் பிரிக்க வேண்டாம், இரண்டு பேர் பேரிலும் சேர்ந்தே இருக்கட்டும், விற்கவும் வேண்டாம். "அசனத்துக்கு வந்தா ஒரு நாள் தங்க எனக்கு ஒரு வீடு வேணும்லே. இப்ப வந்தா சித்தி வீட்டுல முகம் கழுவிட்டுப் போறேன்." இத்தனை வருடமாக, கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு அவள் வந்து சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவாள், பிள்ளைகளுக்கு ஸ்கூல் இருக்கும் என்று நினைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானது. பத்திர எழுத்தர் இரண்டு தடவை கேட்டார், "அண்ணாச்சி, அக்காவுக்குத்தானே எழுதுறீங்க, அவங்ககிட்ட இருந்து வாங்கலையே?" என்று. பட்டா மாற்ற இன்னும் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. செப்டம்பர் முதல் ஞாயிறு நான் திருவிருந்துக்குப் போனேன். பெரிய உணர்ச்சி எதுவும் வரவில்லை. அப்பம் கையில் வைக்கப்பட்டது, வாங்கிக்கொண்டேன், எழுந்து வந்தேன், பசித்தவன் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டால் சின்னச் சின்ன விஷயங்களைத்தான் சொல்ல முடியும். கடையில் ஒரு நாள் கல்லாவில் 2,000 ரூபாய் குறைந்தது, வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் விசாரித்தேன், அவன் முகம் செத்துவிட்டது. மறுநாள் அந்தப் பணம் நானே ஒரு பில் புத்தகத்துக்குள் வைத்தது கிடைத்தது. முந்தின நானாக இருந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்து, தோளில் தட்டிவிட்டு விட்டிருப்பேன். அந்த டீயை நினைத்ததும் அக்காவுக்கு வாங்கிக்கொடுத்த டீ நினைவுக்கு வந்தது. அதே நாலு பேரைக் கூப்பிட்டு நிற்கவைத்து அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்குக் கோபம் இன்னும் வருகிறது, வீட்டில் குரல் உயருகிறது, அது மாறவில்லை, அதற்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதுகிற இடத்தில், கிரேக்கத்தில் அந்த வினை நிகழ்காலத்தில், தொடர்ந்து நடக்கிற ஒன்றாக இருக்கிறதாம். ஒரு ராத்திரி கூட்டத்தில் முடிந்து போனதாக நான் இருபது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் ஜெபம் சின்னதாகிவிட்டது. ஒருவருக்காக ஜெபிக்கும் முன் அவருக்கு நான் ஏதாவது தர வேண்டியது பாக்கி இருக்கிறதா என்று யோசிக்கிறேன், சில சமயம் இருக்கிறது.

எங்கள் வீட்டு அடுப்படியிலும் இப்போது ஒரு டப்பா இருக்கிறது. மனைவி வைத்தாள். மகளுக்கு எழுதவேண்டிய உயிலும் எழுதிப் பதிவு செய்தாயிற்று, என் பங்கில் மிச்சமிருந்தது 6 சென்ட்தான் என்றாலும், யாரும் அவளிடம் பத்திரத்தை நீட்டும்படி விட்டுவிட்டுப் போகக்கூடாது.

அக்கா இப்போது அசனத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுகிறாள், ஓட்டு வீட்டைக் கழுவிவிட்டு, திண்ணையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறாள். விளையைப் பாட்டத்துக்குக் கொடுத்திருக்கிறாள், கோடையில் கருப்பட்டி அனுப்புகிறாள். அத்தான் மட்டும் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பதிவு நாளில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் மனைவியைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினவன் நான். மாதம் ஒரு தடவை போகிறேன். போன வாரமும் போனேன். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். முன்பெல்லாம் நான் உட்கார்ந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. பேப்பரின் ஒரு தாளை உருவி எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்தார்.